சீப்பு யார் கையில்

ஜனவரி 21

காலையில் பனிக்குள்ளிருந்து வண்டியைத் தோண்டி எடுத்துக் கல்லூரிக்குப் போனேன். தோண்டாமலே விட்டிருக்கலாம்.

முடிக்குச் சாயம் ஏற்றும் பாடம். ஹாக்லண்ட் டீச்சருக்குக் கையும் வாயும் ஒரே வேகம். பொம்மைத் தலையில் முடியைப் பிரித்துக்கொண்டே பேசுகிறாள், பேசிக்கொண்டே சாயம் பூசிய முடியை வெள்ளித்தாளில் வைத்து மடிக்கிறாள். மற்றப் பிள்ளைகள் கண்ணை அவள் கையிலும் காதை அவள் வாயிலும் விட்டுவிட்டு நிம்மதியாக நிற்கிறார்கள். என் காது பிறந்ததிலிருந்தே விடுமுறையில் இருக்கிறது. இரண்டு வேலையையும் கண்தான் பார்க்க வேண்டும்.

டீச்சர் பேசுவதைச் சைகையில் எனக்குச் சொல்லக் கல்லூரி ஜோலீனை அனுப்பியிருக்கிறது. நல்ல பெண். அவளைப் பார்த்தால், "தாளை இப்படி மடிக்கணும்" என்கிறாள். எப்படி? டீச்சர் பக்கம் திரும்பினால் தாள் மடிந்து கிடக்கிறது. மறுபடி ஜோலீனிடம் வந்தால் அவள் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டாள். ஐம்பத்திரண்டு வயதில் கோழி மாதிரி கழுத்தை வெட்டிக்கொண்டு நிற்கிறேன்.

ஜூன் மாதம் பெர்னடெட் தன் முடிதிருத்தும் கடையில் வேலை செய்ய ஒரு நாற்காலி தருகிறேன் என்றிருக்கிறாள். இந்தப் பாடத்தில் தேறினால்.

ஜனவரி 23

எனக்காகக் குறிப்பு எடுக்கக் கூடப் படிக்கும் கெய்ட்லினை வைத்திருக்கிறார்கள். குறிப்பு வந்தது. "முதலில் இப்படி எடுக்கணும். பிறகு அப்படித் திருப்பணும்." பக்கத்தில் ஒரு பூ வரைந்திருக்கிறாள். பூ நன்றாக இருக்கிறது.

ஜனவரி 29

இன்று ஜோலீன் வழியாக டீச்சரிடமே கேட்டேன். "பேசும்போது பேசுங்க, செய்யும்போது செய்யுங்க. ரெண்டையும் ஒண்ணா செஞ்சா எனக்கு ஒண்ணும் கிடைக்கல."

டீச்சர் ஜோலீனைப் பார்த்துச் சொன்னாள்: "அவங்களுக்கு என்ன கஷ்டம்னு நீங்களே சொல்லுங்களேன்."

ஜோலீன் அதை அப்படியே எனக்குச் சைகையில் சொன்னாள். அவள் வேலை அதுதான். நடுவில் சொந்தமாக ஒரு வார்த்தை போடக் கூடாது, சட்டம். நான் டீச்சர் முகத்துக்கு நேரே கையை ஆட்டி, "ஆள் இங்க இருக்கேன்" என்றேன்.

டீச்சர் ரொம்ப மரியாதையாகச் சிரித்தாள். "நேரம் பத்தாது மார்லிஸ். இதெல்லாம் உதவி அலுவலகத்துல பேசிக்கோங்க."

ஜனவரி 31

பேசிக்கொண்டேன். காது கேளாத மாணவர்களுக்கான உதவியைக் கவனிக்கும் பையன் பெயர் ட்ரெவர். சட்டையில் பேனா வரிசை.

"மேடம், சைகைக்கு ஆள் குடுத்தாச்சு. குறிப்புக்கு ஆள் குடுத்தாச்சு. வகுப்புல என்ன வேணும்னு டீச்சர்கிட்ட சொல்றது மாணவரோட பொறுப்பு."

"சொன்னேன். உங்ககிட்ட அனுப்பினாங்க."

"அப்போ திரும்ப அவங்ககிட்டதான் போகணும்."

ஒரு தாள் கொடுத்தான். இடப்பக்கம் அவர்கள் பொறுப்பு, வலப்பக்கம் என் பொறுப்பு. இடப்பக்கம் முடிந்த பிறகும் வலப்பக்கம் போய்க்கொண்டே இருக்கிறது. தாளைத் திருப்பினால் அங்கேயும் நான்தான். ஒரே தாளை வைத்து என்னைப் பந்து மாதிரி உருட்டுகிறார்கள். உருளும் உடம்புதான், ஒத்துக்கொள்கிறேன்.

பிப்ரவரி 6

ட்ரெவருக்கு ஒரு யோசனை வந்துவிட்டது. பாடத்தைப் படம் பிடித்து, கீழே எழுத்துப் போட்டுக் கொடுத்தான். வீட்டில் போட்டுப் பார்த்தேன். எழுத்து சரியாக டீச்சர் கை மேலேயே ஓடுகிறது. கை தெரியவில்லை. எழுத்து என்ன சொல்கிறது என்றால், "இப்போது என் கையைப் பாருங்கள்."

என் புருஷன் கோர்டியைக் கூப்பிட்டுக் காட்டினேன். சோபாவில் விழுந்து சிரித்தான். அவனுக்கும் காது கேட்காது, அச்சகத்தில் வேலை. சிரித்து முடித்துவிட்டுக் கேட்டான்: "டீச்சர் புரிஞ்சுதான்னு கேட்டா நீ என்ன பண்ணுவே?"

"என்ன பண்ணுவாங்க? தலையாட்டுவேன்."

"அதான் பார்த்தேன். எனக்கே ஆட்டுறவதானே நீ."

அவனுக்கு இரவுச் சாப்பாடு கிடையாது என்றேன். நிஜமாகவே கோபம். பள்ளியில் சைகையில் பேசினால் கையை மேசைக்கு அடியில் வைக்கச் சொல்வார்கள். உதட்டைப் பார் என்பார்கள். உதட்டில் என்ன தெரியும், மீசைதான் தெரியும். தலையாட்டினால் அடுத்த பிள்ளையிடம் போய்விடுவார்கள். எட்டாவதோடு நான் ஓடி வரும்வரை நாங்கள் எல்லாரும் ஆட்டிய தலைதான் இது. கோர்டி ஆட்டாத தலையா.

பிப்ரவரி 19

செய்முறைத் தேர்வு. என் பொம்மைக்குத் தேன் நிறம் வர வேண்டும். பூசணிக்காய் நிறம் வந்தது.

சாயத்தை எப்போது கழுவ வேண்டும் என்று டீச்சர் அன்றைக்கே சொன்னாளாம். சொல்லும்போது நான் அவள் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "புரிஞ்சுதான்னு கேட்டப்போ தலையாட்டினீங்களே" என்கிறாள். ஆமா, ஆட்டினேன். ஆட்டாம என்ன செய்றது, அத்தனை பேரும் என் மூஞ்சியவே பாத்துட்டு நிக்கிறாங்க, கடிகாரத்த வேற பாக்குறாங்க. எத்தனை தடவைதான் கேக்குறது ஒருத்தி?

ஏப்ரலில் இன்னொரு வாய்ப்பு உண்டு. அதிலும் தேறாவிட்டால் அடுத்த ஜனவரியில்தான் திரும்பச் சேர முடியும். பெர்னடெட் அதுவரை நாற்காலிக்குத் துணி போர்த்தி வைத்திருப்பாளா?

பிப்ரவரி 20

கழுத்து வலி.

மார்ச் 4

இன்று தலையை ஆட்டவில்லை. கையைத் தூக்கி, "புரியல" என்றேன். டீச்சர் மறுபடி சொன்னாள். மறுபடியும் செய்துகொண்டேதான். ஜோலீன் சைகையில் சொன்னாள்: "இப்போ சத்தமா சொல்றாங்க."

சத்தமாம்.

மார்ச் 11

செய்யக் கூடாததைச் செய்துவிட்டேன்.

டீச்சர் வால்சீப்பால் முடியைப் பிரித்துக்கொண்டே வாயைத் திறந்தாள். எட்டி அவள் கையிலிருந்து சீப்பை வாங்கிக்கொண்டேன். பிடுங்கினேன் என்று அவள் சொல்கிறாள். "இப்போ பேசுங்க" என்றேன். அதை என் குரலாகச் சொல்ல வேண்டியவள் ஜோலீன். சொல்லும்போது அவள் கழுத்து வரை சிவந்துவிட்டது. டீச்சர் பேசினாள், "சீப்பைக் குடுங்க" என்று. கொடுத்தேன். கொடுத்ததும் வேலையை ஆரம்பித்து, வாயையும் திறந்தாள். மறுபடி வாங்கினேன்.

பிள்ளைகள் சிரித்தார்கள். கெய்ட்லின் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள், அதிர்வு என் முழங்கை வரை வந்தது. டீச்சர் சிரிக்கவில்லை. வெளியே போகச் சொன்னாள்.

மார்ச் 12

ட்ரெவர் அதே தாளை எடுத்து வலப்பக்கத்தைக் காட்டினான். ஆசிரியரிடம் மரியாதையாக நடக்க வேண்டும் என்று ஒரு வரி இருக்கிறது. இருக்கட்டும், நியாயம்தான்.

"மன்னிப்புக் கேக்குறேன். கேட்டுட்டு, சீப்பு விஷயத்தையும் இதுல எழுதுங்க."

"சீப்பு எந்தப் பிரிவுல வரும் மேடம்?"

"உங்க பக்கத்துல நிறைய காலி இடம் இருக்கே தம்பி."

அவன் எழுதவில்லை. இன்னொரு முறை இப்படி நடந்தால் வகுப்பை விட்டே எடுத்துவிடுவார்களாம். கோர்டியிடம் சொன்னேன். "பேசாம தலையாட்டிட்டு இரு" என்றான். பாவி.

மார்ச் 18

மன்னிப்புக் கேட்டேன். டீச்சர் சரி என்றாள், என்னைப் பார்த்தே. பாடம் ஆரம்பித்தது. சீப்பை எடுத்தாள், முடியைப் பிரித்தாள், வாயைத் திறந்தாள். நான் இரண்டு கையையும் மேலங்கிப் பைக்குள் திணித்துக்கொண்டேன், தன் இஷ்டத்துக்குப் போய்விடுமோ என்று பயம்.

அவள் என் பைகளைப் பார்த்தாள், கையை நிறுத்தினாள். சீப்பைத் தன் மேலங்கிப் பையில் போட்டாள். பேசினாள். நான் ஜோலீனைப் பார்த்தேன், முழுசாக, அவசரமில்லாமல். பேசி முடித்துச் சீப்பை எடுத்தாள், வாயை மூடினாள். நான் அவள் கையைப் பார்த்தேன்.

தாளை இப்படித்தான் மடிக்கிறார்களா. இவ்வளவுதானா.

ஏப்ரல் 2

டீச்சருக்கு மறதி ஜாஸ்தி. பாதி வகுப்பில் பழைய வேகம் வந்துவிடுகிறது. நான் உள்ளங்கையை மட்டும் நீட்டுகிறேன். முதலில் முறைத்தாள். இன்று பார்க்காமலே சீப்பை அதில் வைத்துவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தாள். நேரம் பத்தாது என்றாளே, பாடம் நேரத்துக்கு முன்பே முடிந்துவிட்டது. கெய்ட்லின் குறிப்பில்கூட இப்போது விஷயம் இருக்கிறது. பூவைக் காணோம்.

ஏப்ரல் 22

தேன் நிறம்.

மே 9

ட்ரெவர் வழியில் பிடித்து, என் அனுபவத்தை மற்ற மாணவர்களுக்குச் சொல்ல முடியுமா என்று ஒரு தாளை நீட்டினான். சீப்பு எந்தப் பிரிவில் வருகிறது என்று கேட்டேன். இன்னும் யோசிக்கிறானாம்.

ஜூன் 17

பெர்னடெட் கடை. ஜன்னல் ஓர நாற்காலி. மதியம் ஹாக்லண்ட் டீச்சர் வந்து உட்கார்ந்தாள். ஜோலீன் இல்லை, நாங்கள் இருவர் மட்டும். துணியைப் போர்த்தினேன். நுனியில் விரல் அகலம் காட்டினாள், சரி என்றேன், வெட்ட ஆரம்பித்தேன்.

வலப்பக்கம் அவள் முடி இடப்பக்கத்தைவிடத் தேய்ந்திருந்தது. எப்போதும் ஒரே பக்கம் படுக்கிறீர்களா என்று கேட்கலாம் என்று கையைத் தூக்கினேன். ஒரு கையில் கத்திரி, இன்னொன்றில் சீப்பு. கத்திரியை மேசையில் வைத்தேன். சீப்போடு தலையைச் சாய்த்துத் தூங்குவதுபோல் காட்டினேன், பல் குத்துவதுபோல் இருந்திருக்கும்.

கண்ணாடியில் பார்த்தால் துணிக்கு அடியிலிருந்து ஒரு உள்ளங்கை வெளியே வந்து, விரிந்து, காத்திருந்தது.

சீப்பை அதில் வைத்துவிட்டுப் பேசினேன்.