சட்டியை உடைத்தவனுக்கு நீலப்புல் விதை

ஃபஹாஹீல், குவைத்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் விபினுக்கு அம்மா எழுதுவது. மாதா புண்ணியத்தில் நான் சுகம், உன் பெண்டாட்டி லிண்டாவும் உயிரோடு சுகம். நீ சுகமா என்று கேட்க இந்தத் தடவை மனசு வரவில்லை. ஆஸ்திரியாவிலிருந்து நீ போன் மேல் போன் போடுவது தெரிகிறது. எடுத்தால் என் வாயில் வருவதை ஆண்டவரே பொறுக்கமாட்டார், அதனால்தான் எழுதுகிறேன்.

பனியில் வழுக்கி விழுந்தாள் என்று சொன்னாயே, பாவி. போன மாதம் ஏர்போர்ட்டிலிருந்து அவளை நேரே ரூமுக்குக் கூட்டிவந்து தலைக்கட்டைப் பிரித்துப் பார்த்தேன். காதுக்குப் பின்னால் சீழ் பிடித்த காயத்துக்குள் மண்சட்டித் துண்டு ஒன்று குத்தி நின்றது. இடுக்கியால் அதை இழுக்கும்போது என் நைட்டியைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். இத்தனை வருஷம் கேஷுவாலிட்டியில் டூட்டி பார்த்தவள், கிரேனில் நசுங்கின கையைப் பார்த்தும் கலங்காதவள், அன்றைக்கு பாத்ரூமுக்குள் போய் வாந்தியெடுத்தேன். பனிக்குள் பூச்சட்டி முளைக்குமா லேய்? "டூட்டி முடிஞ்சு வந்தவனுக்குச் சோறில்ல, புல்லுக்கு உபசாரமா" என்று கேட்டு, அவள் சட்டிகளில் ஆசையாக வளர்த்த நீல மலைப்புல்லை ஒவ்வொன்றாகப் பிடுங்கி மிதித்து, கடைசிச் சட்டியால் அவள் தலையிலேயே அடித்தாயாம். தொட்டிலில் நான் முத்தம் கொடுத்த கை அது. அதை வெட்டிக் கடலில் எறிந்தால் என்ன என்று தோன்றியது, மறைக்காமல் சொல்கிறேன். உன் அப்பா ஒரே ஒரு நாள் என்மேல் கை ஓங்கினார், நான் நெய்மீன் வெட்டுகிற கத்தியோடு நின்றேன், அதன்பிறகு சாகும்வரை அந்த மனுஷன் குரல்கூட உயர்த்தவில்லை. லிண்டா கத்தி எடுக்காதது உன் அதிர்ஷ்டம்.

அவள் ஹேண்ட்பேக்கில் கிடந்த நீலப்புல் விதையில் பாதியை இந்தக் கவரில் வைத்திருக்கிறேன். பிடுங்கினவன் நீ, நீயே நடு. விதையை ஈரமணலில் பிசறி டப்பாவில் அடைத்து ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் ஒரு மாதம் கிடக்கவிடு, குளிர் பட்டால்தான் முளைக்கும். பிறகு பாதி சரளைக்கல், பாதி மணல் கலந்த சட்டியில் மேலாகத் தூவி நல்ல வெயிலில் வை. உரம் வேண்டாம். போன வருஷம் அவள் எனக்கு அனுப்பிய விதைக்கு நான் நம் ஊர்ப் பழக்கத்தில் சாணி உரம் போட்டு, காலையும் மாலையும் ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீரை வாளியோடு கவிழ்த்து, மொத்தமும் அழுகிப்போயிற்று. போனில் எப்படிச் சிரித்தாள் தெரியுமா, "மாமி, இது பாறையில கெடந்து வளர்ற புல்லு, ஊட்டி ஊட்டிக் கொன்னு போட்டியளே" என்றாள். அந்தச் சிரிப்பை இந்த மாதம் முழுக்க நான் கேட்கவில்லை. மண் காய்ந்தபிறகே தண்ணீர் விடு. முள்ளம்பன்றிக் குட்டி மாதிரி கொத்தாக வரும், ஒட்ட வெட்டிவிடாதே, பனி உருகினதும் காய்ந்த புல்தாளை மட்டும் விரலால் மெதுவாகக் கோதி எடு. முரட்டுத்தனமாக இழுத்தால் வேரோடு வந்துவிடும்.

குவைத்துக்கு வந்து அவள் முடியைப் பிடித்து இழுத்துப் போவேன் என்று மெசேஜ் போட்டிருக்கிறாய். வா. பில்டிங் வாட்ச்மேன் ஆரிப்பிடம் உன் போட்டோவைக் காட்டிவிட்டேன். "சிஸ்டர், லிஃப்டத் தாண்ட மாட்டான், இரும்பு ராடு வச்சிருக்கேன்" என்கிறார். அவர் விட்டாலும் கதவில் நான் நிற்பேன், நெய்மீன் கத்தி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

வேளாவேளைக்குச் சாப்பிடு. குடியை விடு. ஞாயிறு பூசைக்குப் போ. மாதா உன்னைக் கைவிடாமல் இருக்கட்டும், பெற்ற பாவத்துக்கு உனக்காகவும் ஜெபமாலை சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். புல் முளைத்தால் போட்டோ அனுப்பு, பார்ப்பேன். ஆனால் ஒன்றை மறக்காதே, அது காடாக வளர்ந்தாலும் லிண்டா உன் வீட்டுக்குத் திரும்பமாட்டாள். மீதி விதையை இன்று காலை ஈரமணலில் பிசறி என் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டாள்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற அம்மா,
அற்புதராணி