இரண்டு ஊசிகளுக்கு நடுவே

மாலை நாலு பதினேழுக்கு அந்தச் செய்தி என் போனுக்கு வந்தது. பிரிக்பீல்ட்ஸ் கடையில் வாழையிலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். ரசத்தில் உப்பு இருந்ததா, தெரியவில்லை. கிள்ளான் சாலையில் அந்த லோரி மோதி உன்னைக் கொண்டுபோனதிலிருந்து எனக்கு எதிலும் ருசி தெரிவதில்லை.

அனுப்பியவர் உன் புரொபசர். பிளாஸ்மா விளிம்பைப் பற்றிய அவருடைய கட்டுரையை ஆய்விதழில் ஏற்கப் போகிறார்களாம், ஒரே ஒரு திருத்தம்தான் பாக்கியாம். திறந்து பார்த்தேன். உன் அளவீடுகள், உன் வரைபடங்கள். ஆசிரியர் வரிசையில் உன் பெயர் மட்டும் இல்லை.

காந்தப்புலம் பிடித்துவைத்த பிளாஸ்மா, அந்தக் கொதிக்கும் மின்வாயு, விளிம்பில் சும்மா இருக்காது, கட்டி கட்டியாகப் பிய்ந்து சுவரை நோக்கிப் பாயும் என்று நீதான் கண்டாய். "தே தாரிக் ஆத்தும்போது நுரை தெறிக்குதுல்ல, அப்படி" என்று இதே கடையில் சொன்னாய். அவரோ, "வெறும் இரைச்சல்மா, சராசரி எடுத்துப் போட்டுடு" என்றார். நீ எடுக்கவில்லை. கருவிக்குள் அருகருகே இரண்டு ஊசிகளை நுழைத்தாய். ஒரு கட்டி முதல் ஊசியிலிருந்து அடுத்ததற்குப் போகும் நேரத்தை வைத்து அதன் வேகத்தைச் சொல்லலாம். ஊசிகளின் இடைவெளி சரியாகத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

அந்த இரண்டு ஊசிகளையும் தாங்கிய பழைய ஊசிமுனை வெடித்தபோது நம் சமையலறை மேசையில் புதியதைச் செய்தவன் நான். "இன்னும் நெருக்கி வை லா. மாமியார் வீட்டு சோபா மாதிரி தள்ளித் தள்ளி வைக்காதே" என்றாய். அந்தப் புது இடைவெளியைப் பதிந்துவைக்க உனக்கு நேரம் கிடைக்கவில்லை. அவர் பழைய இடைவெளியைப் போட்டுக் கணக்கிட்டிருக்கிறார். நான் செய்த ஊசிமுனையையும் குப்பை என்று நினைத்து, உன் சாமான்களோடு எனக்கே அனுப்பிவிட்டார். உன் அஸ்தியோடு அதையும் கிள்ளான் கடலில் விட்டேன்.

கை கழுவுவதற்குள் அழைத்தார்.

"தம்பி, வேகம் பொருந்தலன்னு கேக்கறாங்க. ஊசிக்கு நடுவுல எவ்வளவு? நீங்கதானே செஞ்சீங்க."

"என் மனைவி பேரை முதல்ல போடுங்க டாக்டர், சொல்றேன்."

"கடைசியில நன்றியுரையில போட்டிருக்கேன் லா. இறந்தவங்க பேரைச் சேர்த்தா சிக்கல். நீங்க படிச்சவரு, புரியாதா?"

"புரியுது டாக்டர்." இணைப்பைத் துண்டித்தேன்.

அந்த எண் இப்போது என் தலையில் மட்டும்தான் இருக்கிறது. இந்த மடலில்கூட எழுத மாட்டேன். உன் உழைப்பும் இதோடு முடங்கும் என்று தெரியும். "பிளாஸ்மா என்ன பாவம் பண்ணுச்சு?" என்று திட்டுவாய். திட்டு. கேட்பவர்களுக்குப் பதில் இல்லாமல் அவர் விழிக்கட்டும்.

திரும்பத் திரும்ப அழைத்தார். போனை அணைத்துவிட்டேன்.