கிருஷ்ணராஜபுரத்து மேட்டுக்கு முன்னால் ஒரு காபி

இன்று காலை சைக்கிளில் பள்ளிக்குப் போகிற வழியில், காக்ஸ் டவுன் மார்க்கெட் முனையில் புதிதாகத் திறந்திருக்கும் பேக்கரியிலிருந்து சூடான பன் வாசனை வந்தது. அதன் பின்னாலேயே காபி வாசனை. நான் நினைக்கும் முன்பே கால் தரையில் ஊன்றிவிட்டது. பின்னால் வந்த சைக்கிள்காரர் கன்னடத்தில் ஏதோ முணுமுணுத்து ஒதுங்கிப் போனார். நீ போய் ஆறேழு வருஷம் ஆகிறது. இனி யாருக்காகவும் நிற்க வேண்டாம் என்று என் காலுக்கு இன்னும் தெரியவில்லை.

நீ, நான், ஸ்டெல்லா, சாரதா, நாலு பேரும் ஒரே பள்ளியில் டீச்சர்கள். ஞாயிற்றுக்கிழமை நம் மூவருக்கும் சர்ச் முடிகிற நேரத்துக்கு, சாரதா வெளியே சைக்கிளோடு காத்திருப்பாள். முந்தானையை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு, பழைய மெட்ராஸ் ரோட்டைப் பிடித்து ஒயிட்ஃபீல்டு வரை போவோம். நாலு பெண்கள் சேர்ந்து சைக்கிளில் போனால் ரோடே திரும்பிப் பார்த்த காலம். அப்படிப் பார்ப்பவர்களுக்கு நீ பெல் அடித்துக் காட்டுவாய்.

அல்சூர் தாண்டுவதற்குள் காபி கேட்பாய். கொஞ்ச தூரம் போனதும் மறுபடி கேட்பாய். "இவ வயித்துல என்னடி இருக்கு?" என்று ஸ்டெல்லா கேலி செய்வாள். நீயும் சிரிப்பாய்.

கிருஷ்ணராஜபுரத்து மேட்டில் ஒருநாள் நீ பின்தங்கினாய். செயின் கழன்றுவிட்டது என்று கத்தினாய். நான் திரும்பி வந்து பார்த்தேன். செயின் அதன் இடத்தில்தான் இருந்தது. நீ சாலையோரத்துப் புளியமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாய். உன் உதடு நாவல்பழம் தின்றவள் உதடு மாதிரி இருந்தது.

"சின்ன வயசுல ஒரு ஜுரம் வந்துச்சுடி. அதுல ஹார்ட் கெட்டுப்போச்சு. டாக்டர் மேடு ஏறக்கூடாதுங்கறார்."

"அப்புறம் எதுக்குடி வர்றே?"

"வீட்ல உக்காந்தா மட்டும் சரியாயிடுமா? அவங்க ரெண்டு பேருக்கும் சொல்லிடாதே. அப்புறம் என்னைப் பேஷண்ட் மாதிரி பாப்பாங்க. அது எனக்கு வேணாம்."

சொல்லவில்லை. அதற்குப் பதிலாகக் கடை தேட ஆரம்பித்தேன். சனிக்கிழமை மத்தியானங்களில் தனியாக அந்த ரோட்டில் போய் ஒவ்வொரு கடையிலும் காபி குடித்துப் பார்த்தேன். நன்றாக இல்லாத இடத்தில் அடுத்த வாரம் யாரும் நிற்க மாட்டார்கள், நீ மூச்சு வாங்க இடமிருக்காது. ஒரு கடையில் மண்ணெண்ணெய் வாசனை. இன்னொன்றில் பெண்கள் உட்கார இடமே இல்லை. கடைசியில் மேட்டுக்குச் சற்று முன்னால் ஒரு சின்ன பேக்கரி கிடைத்தது. பின்கட்டில் அடுப்பு, முன்னால் இரண்டு பெஞ்சு, நல்ல டிகாக்‌ஷன். காரா பன் அடுப்பிலிருந்து நேராகத் தட்டுக்கு வரும். கடைக்காரர் நம்மைப் பார்த்ததும் துண்டால் பெஞ்சைத் துடைத்து, "ஸ்வல்ப கூத்கொள்ளி, அக்கா" என்று கன்னடத்தில் கொஞ்சம் உட்காரச் சொல்வார்.

அங்கே நீ ஒரு காபியை எவ்வளவு நேரம் குடிப்பாய்! ஆறிய பிறகும் ஊதுவாய். உன் கழுத்து நரம்பு துடிப்பது அடங்குகிற வரை நான் இன்னொரு பன் சொல்வேன். மேடு வந்ததும் சாரதா கால் வலி என்று இறங்கித் தள்ளுவாள். ஸ்டெல்லா வெயிலைக் குறை சொல்லிக்கொண்டு இறங்குவாள். நீயும் இறங்கித் தள்ளலாம், நம் அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொள்வேன்.

அந்த ஆடியில் மழை விடாமல் பெய்தது. இரண்டு ஞாயிறு யாரும் போகவில்லை. மூன்றாவது ஞாயிறு நீ ஆஸ்பத்திரியில் இருந்தாய். தலையணைகளை அடுக்கிச் சாய்த்து உட்கார வைத்திருந்தார்கள். "மழை விட்டுச்சா?" என்று மட்டும் கேட்டாய். புதன்கிழமை விடிவதற்குள் போய்விட்டாய்.

பிறகு வெகு நாள் கழித்து மூவரும் கிளம்பினோம். யாரும் சொல்லாமலே அந்த பேக்கரியில் இறங்கினோம். பன்னை யாரும் தொடவில்லை. ஸ்டெல்லா டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்க ரெண்டு பேர்கிட்டயும் ஒண்ணு மறைச்சுட்டேன்," என்றாள். "அவளுக்கு ஹார்ட்ல கோளாறு இருந்துச்சு. சொல்லாதேன்னு சத்தியம் வாங்கிட்டா."

சாரதா நிமிர்ந்தாள். "என்கிட்டயும்தான் வாங்கினா. எனக்கென்ன கால் வலி? ஒரு நாளும் வலிச்சதில்ல."

என்னிடமும்தான் என்று நான் தலையை ஆட்டினேன். மூன்று பேரும் மூன்று திருடர்கள் மாதிரி விழித்தோம். முதலில் ஸ்டெல்லாதான் சிரித்தாள். சிரிப்பு அழுகையானதும் கடைக்காரர் ஒன்றும் கேட்காமல் உள்ளே போய்விட்டார். எங்கள் ஒவ்வொருத்தியையும் தான் ஒருத்திதான் உனக்குத் துணை என்று நம்ப வைத்திருந்தாய். உன்மேல் கோபம் வந்தது. அந்தக் கோபத்தைக் கொண்டுபோய்க் காட்ட ஆளில்லை.

போன வாரம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை லால்பாக் பாறைமேல் கூட்டிப்போனேன். ஒரு பெண் பின்தங்கினாள். அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடவில்லை. "எல்லாரும் உக்காருங்க, இங்கேருந்து ஊர் நல்லாத் தெரியுது," என்றேன். உட்கார்ந்தார்கள். அந்தப் பெண்ணும் மெல்ல ஏறி வந்து மற்றவர்களோடு உட்கார்ந்தாள். அவள்தான் கடைசி, கீழே வேறு யாரும் இல்லை. "டீச்சர், நீங்களும் உக்காருங்க," என்றார்கள்.

நான் உட்காரவில்லை. வந்த வழியையே பார்த்துக்கொண்டு இன்னும் கொஞ்ச நேரம் நின்றேன்.