பெயர் மறைத்த படம்

மார்ச் 4

என் அருமை அக்காவுக்கு,

இருமல் குறைந்ததா? முதலில் அதை எழுது.

இங்கே எனக்குக் கால் தரையில் பாவவில்லை. புற்றுக்கட்டியின் மேல் ஒரு புரதம் இருக்கும், அடிக்க வரும் நோய் எதிர்ப்பு அணுக்களைத் தட்டிக்கொடுத்துத் தூங்க வைத்துவிடும் என்று சொன்னேனே? அதைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்ள பெப்டைடு என்கிற குட்டிப் புரதத் துணுக்கு ஒன்று செய்திருக்கிறோம். அதன் வாலில் துளிக் கதிரியக்கம். எலிக்கு ஊசி போட்டு ஸ்கேன் எடுத்தால், அது வெளியேறும் சிறுநீரகத்தைத் தவிர, கட்டி மட்டும்தான் ஜொலிக்கிறது. சிரிக்கவே தெரியாத எங்கள் ஆய்வகத் தலைவி டாக்டரம்மா, "இதுக்குத்தான்யா இத்தனை வருஷம்" என்று சிரித்தார். அடுத்தது மனிதர்கள்.

உன் தம்பி

மார்ச் 15

அன்புத் தம்பிக்கு,

நீச்சல் குளத்துக் கரையில் உட்கார்ந்து எழுதுகிறேன், தாள் ஈரம். நீச்சல் கற்றுக்கொள்ளும் பிள்ளைகளுக்கு விசில் ஊதினாலே மூச்சு வாங்குகிறது.

என் நுரையீரல் புற்றுக்கட்டியில் சோதனைக்கு எடுத்த சதையில் நீ சொல்கிற புரதம் இல்லையாம். அதனால் அந்த அணுக்களை எழுப்பிவிடும் மருந்து எனக்கு வேண்டாம் என்கிறார் டாக்டர். ஊசிமுனைச் சதையை வைத்து மொத்த உடம்பையும் எப்படிச் சொல்வது? எலிக்குப் பதில் என்னைப் படுக்க வையேன்.

அக்கா

மார்ச் 22

அக்கா,

கோபித்துக்கொள்ளாதே. ஆள் எடுப்பது நான் இல்லை, சிபாரிசும் செய்யக்கூடாது. அதைவிட, மனித உடம்பில் இதுவரை போகாத ஒன்றை முதலில் உனக்கா போடுவது? எனக்குக் கை வராது.

தம்பி

ஏப்ரல் 30

தம்பிக்கு,

எலிக்குக் கொடுப்பாய், எனக்குக் கொடுக்க மாட்டாய். இருக்கட்டும். என் டாக்டர் மூலமாக உங்கள் ஆய்வுக்கு விண்ணப்பித்தேன், சேர்த்துக்கொண்டார்கள். அடுத்த மாதம் வருகிறேன். உன்னைத் தொந்தரவு செய்ய மாட்டேன், லாட்ஜில் தங்கிக்கொள்வேன்.

அக்கா

ஜூன் 3

அன்புள்ள அக்காவுக்கு,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாயா? இங்கே நல்ல மழை. டாக்டரம்மாவின் நாற்காலி உடைந்து புதிது வாங்கினோம். வேளாவேளைக்குச் சாப்பிடு, உடம்பைத் தேற்று. ஏனோ வாயில் பாட்டாகவே வருகிறது. மழை நன்றாகப் பெய்கிறது. வேறு விசேஷம் இல்லை.

தம்பி

ஜூன் 20

அடேய் தம்பி,

டாக்டர் இன்றுதான் கூப்பிட்டார். முன்பு சதை எடுக்க ஊசி குத்திய இடம் உங்கள் ஸ்கேனில் இருட்டுதானாம். ஆனால் அக்குளுக்குப் பரவிய கட்டி ஜொலிக்கிறதாம். அங்கே சதை எடுத்து உறுதியும் செய்துவிட்டார். திங்கட்கிழமை அணுக்களை எழுப்பும் அந்த மருந்து தொடங்குகிறது. "கேக்கும்னு சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா இப்ப ஒரு வழி இருக்கு" என்றார்.

உனக்கு முன்பே தெரியும், இல்லையா? பெயரை மறைத்துத்தான் உங்களுக்குப் படம் காட்டுவார்களாம். சைக்கிளிலிருந்து விழுந்து தோளில் தகடு வைத்துக்கொண்ட என்னை நீ அந்தத் தகட்டை வைத்தே கண்டுபிடித்திருப்பாய். சொல்லக்கூடாததை அடக்கிக்கொண்டு ஒரே கடிதத்தில் இரண்டு தடவை மழை பெய்ய வைத்தாயே, இப்போதுதான் புரிந்து, சிரித்து, அழுதேன்.

அடுத்த ஸ்கேனுக்கு வரும்போது உன் வீட்டுக்குத்தான் பெட்டியோடு வருவேன். தடுத்தாலும் வருவேன்.

உன் அக்கா