நீ கேட்ட ஊசி

இன்று காலை உலர்பனிப் பெட்டியைத் திறந்ததும் வெண்புகை எழுந்து முகத்தில் பட்டது. தினமும் படுகிற புகைதான். ஆனால் இன்று அந்தப் பெட்டி எலிகள் இருக்கும் கட்டடத்துக்குப் போகவில்லை. எதிரே உள்ள மருத்துவமனை வார்டுக்குப் போனது. எங்கள் ஆய்வுக்கூடத்தில் செய்த மருந்தை முதன்முதலாக ஒரு மனிதருக்குச் செலுத்தினார்கள். பெட்டியை ஒப்படைத்துவிட்டு வந்து படிக்கட்டில் உட்கார்ந்தேன். உன்னைத் தவிர வேறு எதுவும் நினைவுக்கு வரவில்லை.

சிறுநீரகத்தில் தொடங்கிய புற்றுநோய் நுரையீரலுக்குப் பரவிய பிறகுதான் போர்ட் பிளேர் டாக்டர் உன்னைச் சென்னைக்கு அனுப்பினார். விமான நிலையத்தில் என்னைப் பார்த்ததும், "ஏட்டி, மெயின்லேண்ட் சோறு உன்னை இப்படி ஊத வச்சிருக்கே" என்றாய். போர்ட் பிளேரில் டெலானிபூர் பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்த நாளிலிருந்தே உன் வாய் அப்படித்தான். நான் மேலே படிக்க இங்கே வந்துவிட்டேன். நீ படகுத்துறையில் டிக்கெட் கொடுக்கும் வேலையில் சேர்ந்தாய். கூட்டம் கவுண்டரை மொய்க்கும்போது "பையா, லைன் மே ஆவோ" என்று வரிசையில் வரச் சொல்லி நீ இந்தியில் போடும் சத்தத்தைக் கேட்கவே லீவில் வரும்போதெல்லாம் அங்கே வந்து நிற்பேன்.

சிகிச்சைக்கு நடுவே என் வீட்டில்தான் தங்கியிருந்தாய். ஒரு சாயங்காலம் மீன் கழுவிக்கொண்டே, "அப்படி என்னதான் செய்யுத அந்த லேப்ல?" என்று கேட்டாய்.

சொன்னேன். நம் உடம்பின் செல்கள், கண்ணுக்குத் தெரியாத மிகச் சின்னப் பைகளை ஓயாமல் வெளியே விட்டுக்கொண்டிருக்கின்றன. எதிர்ப்பு சக்தி தரும் செல்களை நோயாளியின் ரத்தத்திலிருந்து வளர்த்து, புற்றுநோயின் அடையாளத்தை அவற்றுக்குக் காட்டினால், அவை விடுகிற பைகளும் அந்த அடையாளத்தைச் சுமந்து வரும். அந்தப் பைகளை மட்டும் பிரித்தெடுத்து ஊசியாகப் போட்டால், உள்ளே சும்மா கிடக்கும் செல்கள் விழித்துக்கொண்டு புற்றுநோயைத் தாக்கும் என்று நம்புகிறோம்.

"அப்போ ஆளு போவாது, பார்சல் மட்டும் போவும்."

"கிட்டத்தட்ட அப்படித்தான்."

கையைத் துடைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாய். "அதை எனக்குப் போடேன்."

"எலிக்குத்தான் போட்டுட்டு இருக்கோம்டி."

"எலிக்கு மருந்து கேட்டுச்சா?"

"சிலதுக்கு."

"அந்தச் சிலதுல ஒண்ணா நானும் இருந்துட்டுப் போறேன்."

முடியாது என்றேன். மனிதருக்குப் போடுகிற அளவுக்குச் சுத்தமாக அதை அப்போது எங்களுக்குச் செய்யத் தெரியாது. எதிர்ப்பு சக்தி தாறுமாறாகக் கிளம்பினால் உன் உடம்பையே தாக்கலாம். அனுமதியும் இல்லை. எல்லாவற்றையும் சொன்னேன். "என் ரத்தம், என் உசுரு. எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாரேன்" என்றாய். நான் மறுபடியும் முடியாது என்றேன். மீன் குழம்பை நான்தான் வைத்தேன். உப்பு கூடிப்போயிருந்தது. நீ அதைக்கூடச் சொல்லவில்லை.

நீ சிகிச்சைக்குப் போன, எங்கள் கூடத்துக்கு எதிரே உள்ள மருத்துவமனையில், சம்மதிக்கும் நோயாளிகளிடமிருந்து எங்கள் ஆய்வுக்கு ரத்தம் எடுத்து அனுப்புவார்கள். நீயாகவே போய்க் கொடுத்துவிட்டு வந்தாய். "ஊசிதான் கிடையாது. ரத்தமாச்சும் எடுத்துக்கோ." சில நாள் கழித்து, "என் ரத்தம் என்னட்டி சொல்லுது? சண்டை போடுதா?" என்று கேட்டாய். வந்த குழாய் எதிலும் பெயர் இருக்காது, எது உன்னுடையது என்று எனக்கே தெரியாது என்றேன். நான் மறைக்கிறேன் என்று நினைத்தாயோ என்னவோ, சிரித்தாய். உண்மையாகவே எனக்குத் தெரியாது. அந்த வாரம் ஆய்வுக் கிண்ணங்களில் வளர்த்த ரத்தச் செல்களில் சில நன்றாகச் சண்டை போட்டன, சில அசையவே இல்லை. ஒவ்வொன்றையும் நுண்ணோக்கியில் பார்க்கும்போது, இதுவாக இருக்குமோ, இதுவாக இருக்குமோ என்று தேடினேன்.

மருந்துகள் எதுவும் பலிக்காமல் போனதும், "பஸ் கரோ, போதும். கடல் தெரியுற இடத்துல இருக்கேன்" என்று போர்ட் பிளேருக்கு, உன் மின்னி பே வீட்டுக்கே திரும்பிவிட்டாய். போனில் பேசும்போதெல்லாம் உன் உடம்பைப் பற்றிச் சொல்ல மாட்டாய். "எலிங்க எப்படி இருக்கு?" என்று மட்டும் கேட்பாய். நலமாக இருக்கின்றன என்பேன்.

உன் தம்பி கூப்பிட்டதும் கிளம்பினேன். மழையில் இறங்க முடியாமல் விமானம் சென்னைக்கே திரும்பிவிட்டது. அடுத்த விமானத்தில் வந்து சேர்ந்தபோது உன்னை அடக்கம் செய்துவிட்டு எல்லோரும் வீட்டுக்கு வந்திருந்தார்கள். படகு எஞ்சின் வேலை பார்க்கும் உன் தம்பி, எனக்கு டீ கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தான். கோபமாகப் பேசவில்லை. "எப்படியும் போறவதான அக்கா. அந்த ஊசியைக் குடுத்திருக்கலாம்ல?" என்றான். நான் டீயை எடுத்துக் குடித்தேன்.

கொடுத்திருக்கக் கூடாது. இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். சரியானதைச் செய்தவர்களுக்கு இவ்வளவு கனமாக இருக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

இன்று மத்தியானம் உன் தம்பிக்குப் போன் செய்தேன். ஒருவருக்கு ஊசி போட்டுவிட்டோம், குணமாகுமா தெரியாது, கெடுதல் செய்கிறதா என்றுதான் முதலில் பார்க்கிறோம் என்றேன். பின்னால் ஓடிக்கொண்டிருந்த எஞ்சினை நிறுத்தினான்.

"அவுங்க பேரு என்ன அக்கா?"

"சொல்லக் கூடாதுப்பா."

"சரி. ஞாயித்துக்கிழமை சர்ச்சு பூசையில பேரு சொல்லாமலே வேண்டிக்கிடுதேன்."

குடுத்திருக்கலாம்ல என்ற பழைய கேள்வியை அவன் மறுபடி கேட்கவில்லை. கேட்கமாட்டானா, இந்த முறையாவது பதில் சொல்லிவிடலாமே என்று போனை வைக்காமல் கொஞ்ச நேரம் காத்திருந்தேன்.