பக்கத் தையல் வேகம்

மார்ச் 3
இன்று இருந்தவர்கள்: பெரிய டாக்டர், உடற்பயிற்சி சொல்லித் தருகிற பயில்வான், தோளில் சின்ன டிரம் மாட்டிய ஒரு பெண், என் மூத்த மகன், அவன் பெண்டாட்டி. சக்கர நாற்காலியில் நான். பக்கவாதம் வந்து ஐந்து வாரம். இடது கால் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை.
மாதக் கடைசிக்குள் இந்த ஹாலில் கதவிலிருந்து ஜன்னல் வரை எதையும் பிடிக்காமல் போய்த் திரும்பினால், என் வீட்டில் நான் தனியாக இருக்கலாமாம். இல்லாவிட்டால் மூத்தவன் வீட்டுப் பின்னறை. டாக்டர் சொல்லி முடிப்பதற்குள் மூத்தவன் தலையை ஆட்டிவிட்டான். பின்னறைக்குத்தான் ஆட்டினான். எனக்குத் தெரியாதா?

மார்ச் 5
டிரம்காரி செய்வது பாட்டு வைத்தியமாம். தாளத்தைக் கேட்டால் கால் தானாக நடக்குமாம். நல்ல கூத்து. பிடித்த பாட்டு எது என்று கேட்டாள். எதுவுமில்லை என்றேன். மூத்தவன் குறுக்கே விழுந்து, "அம்மாவுக்குத் தாலாட்டுன்னா உயிர்" என்றான். இவன் தூங்கித் தொலைந்தால் போதும் என்று பாடியது அது.

மார்ச் 6
தாலாட்டுக்கு நடந்தேன். மூன்றாவது அடியில் கொட்டாவி வந்தது.

மார்ச் 9
பக்கத்துக் கட்டில் ரிட்டையர்டு ஆபீசர் பாட்டைக் கேட்டு அழுகிறார். எல்லோரும் உருகுகிறார்கள். அந்த ஆள் டீ ஆறிப்போனாலும் அழுவார்.

மார்ச் 12
டிரம்காரி பாட்டை விட்டுவிட்டாள். வேலை செய்த காலத்தில் காதில் என்ன சத்தம் விழுந்தது என்று கேட்டாள். முப்பத்தெட்டு வருடம் தையல் மிஷின் மிதித்தவளிடம் இது ஒரு கேள்வியா? நாற்காலிக் கையில் தட்டிக் காட்டினேன். அவள் அதை டிரம்மில் அடித்தாள். பொட்டலம் மாதிரிக் கிடந்த இடது கால் மிதிக்கப் போயிற்று — நான் சொல்லாமலே.
யாரிடமும் ஆச்சரியத்தைக் காட்டவில்லை. "இது காலர் தைக்கிற வேகம், நின்னு நின்னு வளைக்கிறது. நடக்கறதுக்குப் பக்கத் தையல் வேகம் வேணும், நிக்காம ஓடணும்" என்றேன்.
"திரும்பறப்போ பாட்டி?"
"அப்போ காலர்."
எழுதிக்கொண்டாள். படித்தவள்தான், ஆனாலும் சொன்னால் புரிகிறது.

மார்ச் 20
ஒன்பது அடி.

மார்ச் 24
பரீட்சை. ஏழு அடி ஒழுங்காக வைத்தேன். அப்புறம் மூத்தவன் கை தட்ட ஆரம்பித்தான். டிரம் ஒரு பக்கம், இவன் கை ஒரு பக்கம். கால் யார் பேச்சைக் கேட்கும்? நின்றுவிட்டது. பயில்வான் பிடிக்காவிட்டால் மூக்கு உடைந்திருக்கும்.
"சார், கை தட்டக் கூடாதுன்னு போன வாரமே உங்ககிட்ட சொன்னேனே" என்றாள் டிரம்காரி. உற்சாகப்படுத்தினானாம்.
போன வாரமே சொல்லியிருக்கிறாள். அப்படியென்றால் — தெரிந்தே தட்டினானா?
முப்பதாம் தேதி இன்னொரு தடவை பார்க்கலாம் என்றார் டாக்டர்.

மார்ச் 30
மூத்தவனை வெளியே உட்காரச் சொன்னேன். கதவிலிருந்து ஜன்னல். காலர். ஜன்னலிலிருந்து கதவு. டாக்டர் கையெழுத்துப் போட்டார். டிரம்காரிக்குக் கண் கலங்கிவிட்டது. இதுக்குப் போய்.

மார்ச் 31
மூத்தவன் கார் என் தெருவுக்குத் திரும்பவில்லை. பதினைந்தாம் தேதியே என் வீட்டில் வாடகைக்குக் குடித்தனம் வைத்துவிட்டானாம். நான் தைத்துக் கட்டிய வீடு. ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "நீ நடப்பேன்னு யாரும்மா நெனைச்சா?"

ஏப்ரல் 2
பின்னறை. ஜன்னல் திறக்காது.

ஏப்ரல் 18
மருமகள் குளிக்கப் போனதும் கிளம்பினேன். நாலு தெரு. டிரம் இல்லை. வாய்க்குள்ளேயே மிஷின் மிதித்துக்கொண்டு போனேன். என் வீட்டுக் கதவைத் திறந்தவள் நிறைமாதக்காரி. வீடு என்னுடையது, எனக்கு வேண்டும் என்றேன். பிரசவம் முடிகிற வரை டயம் கேட்டாள். கொடுத்தேன். நாற்காலி போட்டுத் தண்ணீர் தந்தாள். அவள் மேல் தப்பில்லை. மருமகள் மேலும் இல்லை. எங்க வீட்டுக்கு நீங்க வரவேணாம் என்று முதலிலேயே முகத்துக்கு நேரே சொன்னவள் அவள்.
மன்னிக்கப் போவதில்லை என்றால் ஒருவனைத்தான். மூத்தவனை.