மாங்காயால் முடிந்த முற்றுகை

திருவும் தெளிவும் தழைக்க. நெடும்புனல் நாடு உடையோனும், ஏழு துறைமுகங்களின் காவலனும், பதினொரு கோட்டைகளின் கதவுகளை உடைத்தோனும், பன்னிரண்டாவதன் முன் பத்துத் திங்களாகப் பாசறையில் அமர்ந்திருப்போனுமாகிய விறலரசன், நம் பேரமைச்சர் ஆதன் கீரனாருக்கு விடுக்கும் ஓலை. நீவிரும் நும் குடியும் நலம் பெறுக. தலைநகரில் மழை பொய்யாதிருக்க.

பதினோர் ஆண்டாகக் கேட்டும் கிடையாத கருந்துறைக் கோட்டையை வளைத்த நாளில், உயிர்க்குத் தேவையான பொருள் யாவும் திட்டிவாசல் என்னும் சிறுகதவு வழியே உள்ளே செல்லலாம் என்றும், ஆசைப் பொருள் ஒரு துரும்பும் செல்லலாகாது என்றும் ஆணையிட்டோம். அறமும் கெடாது, கோட்டையும் சலித்துப் பணியும் என்பது நம் கணிப்பு. நெல்லும் உப்பும் சென்றன. பூவும் வெற்றிலையும் திரும்பின. அப்பளம் இன்றிச் சோறு இறங்காது என்று கோட்டை முதியவர் ஒருவர் மூன்று நாள் வாதிட்டார். அவருக்குச் சோறு இறங்குவதை நம் படைத்தலைவர் நேரில் கண்ட பின்னரே அவ்வழக்குத் தீர்ந்தது.

மூன்றாம் திங்களில் மருத்துவச்சி காரிநங்கை கோட்டையினின்று வெளிவந்து, கதவுக் காவலன் மனைவி தத்தை கருவுற்றிருப்பதாகவும், புளிப்பு மாங்காய் வேண்டுவதாகவும் விண்ணப்பித்தாள். அது ஆசைப் பொருள் என்று படைத்தலைவர் மறுத்தார். அவளோ, "மசக்கைக்காரி கேக்குறது ஆசையா தேவையான்னு உங்க ஆத்தாளப் போயிக் கேளுங்க" என்றாள். நம் வீரர் எண்ணாயிரவரும் தத்தம் தாயை நினைந்து தலை கவிழ்ந்தனர். மாங்காய் உள்ளே சென்றது.

மறுநாள் தத்தை நம் பாசறை அடுப்புச் சாம்பல் கேட்டாள்; அளித்தோம். பின்னர் நம் கூடாரத்தின் கீழிருந்த புற்றுமண்; கூடாரத்தைப் பெயர்த்தோம். அதன்பின் உண்டு முடித்த வேளையில், தெற்கிலிருந்து ஒரு யானை பிளிறக் கேட்க வேண்டும் என்றாள். கதவை முட்ட வந்த பட்டத்து யானை அன்று முதல் தெற்கே நின்று நாள்தோறும் பிளிறியது. சமையற்புகை குமட்டுகிறது என்றதால் படை முழுதும் மூன்று நாள் பழஞ்சோறு உண்டது. முணுமுணுத்தார் ஒருவரும் இலர். வில்லாளர் மாலைதோறும் வாசலில் நின்று, அவள் உறங்கினாளா என்று வினவினர்.

சென்ற வெள்ளியன்று நம் பொறுமை தீர்ந்தது. காரிநங்கையை அழைத்து, தேவைக்கும் ஆசைக்கும் இனி எல்லையை நாமே வகுப்போம் என்று அறிவித்தோம். அவள் கைகூப்பிச் சொன்ன விடை இது: "வகுங்க ராசா. தத்தை கேக்குறது பத்து மாசத்துல தீந்துரும். நீங்க இந்தக் கோட்டையப் பதினோரு வருசமாக் கேக்குறீங்களாமே. உங்களுக்கு இது எத்தனாவது மாசம்?"

படைத்தலைவர் இருமுவார்போல் வெளியேறினார். நாம் சினந்தோம், பின் ஐயுற்று, வைத்தியரை அழைத்து நாடி பார்க்கச் செய்தோம். அவ்வாறு ஏதும் இல்லை என்று அவர் உறுதியளித்தார். எனின் இக்கோட்டை நமக்கு எதற்கு என்று அவையைக் கேட்டோம். ஒருவர் துறைமுகம் என்றார். நமக்கு ஏழு உள. ஒருவர் புகழ் என்றார். அது அப்பளத்தின் இனம் என்று அவை தீர்ப்பளித்தது.

நேற்று முற்பகல் கோட்டைக்குள் குழந்தையின் அழுகுரல் எழுந்தது. நம் கட்டளை இன்றியே வெற்றிமுரசு முழங்கியது. மகள் பிறந்த களிப்பில் முற்றுகையை மறந்த கதவுக் காவலன், பெருங்கதவைத் தானே திறந்துகொண்டு கருப்பட்டியோடு ஓடிவந்து, நம் கையிலும் ஒரு துண்டு வைத்தான். திறந்த கோட்டையின் முன் எண்ணாயிரவர் நின்றோம். ஒருவரும் உள்ளே அடி வைக்கவில்லை. கருப்பட்டி நன்றாயிருந்தது.

ஆதலின் நம் ஆணையாவது: படை நாளை மீள்கிறது. வரவேற்புத் தோரணம் வேண்டா. பட்டத்து யானைக்குத் தொண்டை கட்டியிருத்தலின், சுக்குக் கியாழம் பத்துக் குடம் ஆயத்தமாக இருக்க. கருந்துறை நாம் கொள்ளாத கோட்டை என்று கல்லில் வெட்டுக. கதவு திறந்திருந்தும் ஏன் புகவில்லை என்று கேட்பார்க்கு, உள்ளே குழந்தை உறங்கியது என்று விடை தருக.

முத்திரையரக்கு முழுவதும் தத்தை முகர்வதற்காகக் கோட்டைக்குள் சென்றுவிட்டமையின், வெல்லப்பாகில் இட்ட நம் இலச்சினை இது. எறும்பு மொய்க்குமுன் நிறைவேற்றுக.